கஸீபினுக்கு ஒரு திருத்தம்

நான் எழுதியவற்றில் உலகம் அதிகம் படித்த வாக்கியம் ஒரு பொய். "இந்தப் பூஞ்சை, மால்ட் சாறு கலந்த அகர் கூழில், இருபத்தேழு டிகிரி வெப்பத்தில், பதினான்கு நாட்கள் வளர்க்கப்பட்டது." இதில் பூஞ்சை உண்மை, பதினான்கு நாட்கள் உண்மை. மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, அப்போது எங்களிடம் ஒரு சொட்டுகூட இல்லை. இருபத்தேழு டிகிரி என்பது மின்சாரம் இருந்த நேரத்துக் கணக்கு. தொண்ணூற்றாறில் பாக்தாதில் மின்சாரம் எப்போது இருந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். நல்ல வார்த்தை வராது.

கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொய் ஒரு பத்திரிகையின் பழைய இதழில் யாருக்கும் தொந்தரவில்லாமல் படுத்துக் கிடந்தது. பணி ஓய்வுக்கு எனக்கு ஐந்து மாதம் இருக்கும்போது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

செய்தி கொண்டுவந்தவன் லுவை. எங்கள் துறைத் தலைவன், என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். மின்னஞ்சல் எதுவானாலும் அச்செடுத்துத்தான் படிப்பான். திரையில் படித்தால் கெட்ட செய்தி பெரிதாகத் தெரியுமாம்.

"கஸ்வான், உன்னோட கஸீபின் செத்துப்போச்சுப்பா," என்றான், தாளை நீட்டியபடி.

"எப்போ?"

"அது பொறக்கவே இல்லைங்கறாங்க."

கஸீபின் என்பது நாங்கள் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மருந்துப் பொருள். மருத்துவமனைப் புண்களில் குடியிருந்து எந்த மருந்துக்கும் மசியாத சீழ்க்கிருமியை அது கொன்றது. ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடத்தார், நாங்கள் அப்போது ஒரு பூஞ்சைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிவைத்த மாதிரியை வாங்கி, எங்கள் கட்டுரையில் சொன்னபடியே மூன்று வருடம் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பூஞ்சை வளர்ந்ததாம். கஸீபின் ஒரு துளியும் வரவில்லையாம். தொண்ணூறு நாட்களுக்குள் அதை மறுபடி உண்டாக்கிக் காட்டாவிட்டால் கட்டுரையை நீக்கிவிடுவோம் என்று பத்திரிகை ஆசிரியர் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்.

கட்டுரையில் இரண்டே பெயர்கள். முதல் பெயர் டாக்டர் ஸுஹாத். இரண்டாவது நான். கட்டுரை நீக்கப்பட்டால் கல் முதல் பெயர் மேல்தான் விழும். எனக்கென்ன, ஐந்து மாதத்தில் வீட்டுக்குப் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப்போகிறவன். ஸுஹாத் ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அங்கே வேலை வாங்கினார். அதன் பிறகு அவர் செய்த எல்லாமே அதன்மேல் கட்டியது. ஏமாற்றுக்காரி என்ற பட்டம் அவருக்குத்தான் வரும்.

பொய்யை எழுதியது இரண்டாவது பெயர்.

*

அந்தப் பூஞ்சை அபு அல்-கஸீபிலிருந்து வந்தது. பஸ்ராவுக்குத் தெற்கே, ஸுஹாதின் ஊர். போரில் தலை போன பேரீச்ச மரங்கள் அங்கே வரிசை வரிசையாக வெறும் தூணாக நின்றுகொண்டிருந்தன. தொண்ணூற்றாறாம் வருடம் பெருநாள் விடுமுறை முடிந்து திரும்பிய ஸுஹாத், செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டு மரத்தையும் ஒரு தகர டப்பா நிறையப் பேரீச்சம் பாகையும் என் மேசைமேல் வைத்தார்.

"பாகு எனக்கா?" என்றேன் ஆசையாக.

"மரம் உங்களுக்கு, உஸ்தாத். பாகைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்."

மரத்துண்டில் சாம்பல் பச்சையாக ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. சுற்றி விரலகலத்துக்கு எதுவும் வளரவில்லை. மற்ற பூஞ்சைகள் அந்த எல்லைக்கு வெளியே, வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது வாசலில் தயங்கும் விருந்தாளிகள் போல நின்றிருந்தன.

"பாத்தீங்களா? பக்கத்துல யாரையும் அண்டவிடலை," என்றார் ஸுஹாத். "எங்க பெரியப்பா மாதிரி."

அந்தப் பூஞ்சையை வளர்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் நாட்டின் மேல் உலகம் போட்ட பொருளாதாரத் தடை ஆறாவது வருடத்தில் இருந்தது. கூழை உறையவைக்கும் அகரை ஒருமுறை பயன்படுத்தியபின் உருக்கி, துணியில் வடிகட்டி, கழுவி, மறுபடி ஊற்றினோம். சில தட்டுகளில் இருந்த அகருக்கு என்னைவிடப் பணி அனுபவம் அதிகம். கிருமி நீக்கும் கொதிகலன் பழுதாகிப் போனதால் என் மனைவி இன்திஸாரின் பிரஷர் குக்கரைக் கடன் வாங்கினோம். அதை இன்றுவரை திருப்பித் தரவில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் கடைசியில் அந்தக் குக்கரில்தான் வந்து முடியும். மால்ட் சாறு தீர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஸுஹாத் ஒருநாள் தன் பாகு டப்பாவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாதியைக் கூழில் கொட்டினார்.

"மனுஷங்க பசியாற வெச்சிருந்தது," என்றார். "இவன் மட்டும் வேலை செய்யலைன்னா இவனையே தின்னுடுவேன்."

கூழ் காய்ச்சுவது அவர் வேலை. பூஞ்சையை எடுத்து நடுவது என் வேலை. அந்தச் சின்ன அறையில் காற்றில் தூசிகூட இருக்கக் கூடாது. நான் போகும்போதெல்லாம் அங்கே புளிப்புத் தேநீர் வாசம் அடிக்கும். காய்ந்த கறுப்பு எலுமிச்சையைக் கொதிக்கவைத்துப் போடும் நம்முடைய நூமி பஸ்ரா தேநீர்தான். தேயிலைக்குப் பஞ்சம் வந்த காலத்தில் ஸுஹாத் அதைத்தான் நாள் முழுக்கக் குடிப்பார். எனக்குக் கோபம் வந்தது. இளம் விஞ்ஞானிக்கு வருகிற கோபம், அதாவது பிரயோஜனமில்லாதது. பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு எழுதி, கையெழுத்திட்டு, கதவில் ஒட்டினேன்: "இந்த அறையில் தேநீர் அருந்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது."

ஸுஹாத் அதை நிதானமாகப் படித்தார்.

"நாட்டுக்கே தடை போட்டிருக்காங்க. நீங்களும் உங்க பங்குக்கு ஒண்ணு போட்டுட்டீங்க. ரொம்ப நல்லது உஸ்தாத்."

"உள்ள தேநீர் வாசம் வருதா இல்லையா?"

"வருது."

"அப்போ?"

"அப்போ ஒண்ணுமில்ல," என்று உதட்டை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் திமிர் என்று நினைத்தேன்.

பதினான்காம் நாள் முடிந்து, பூஞ்சைக் கூழில் ஒரு சின்ன வட்டத்தை வெட்டி, சீழ்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்தோம். மறுநாள் காலை தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். வெண்படலமாகப் படர்ந்திருந்த கிருமிகளுக்கு நடுவே, எங்கள் பூஞ்சைத் துண்டைச் சுற்றி, துடைத்துவிட்டது போல ஒரு தெளிந்த வளையம். கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். நான் அளவுகோலைத் தேடினேன். ஸுஹாத் தலையைப் பின்னால் சாய்த்துக் குலவையிட்டார். பஸ்ராக் குலவை. மேல்மாடி இயற்பியல் துறையிலிருந்து நாலு பேர், யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று நினைத்து, வாழ்த்துச் சொல்ல இறங்கி வந்துவிட்டார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? மிச்சமிருந்த பாகை ஆளுக்கு ஒரு கரண்டி நக்கக் கொடுத்தோம். மருத்துவமனைகளில் வெறும் உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. உலகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு முழு முற்பகலுக்கு நம்பினோம். அதைவிட நல்ல முற்பகல் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான். ஸுஹாதின் கையெழுத்துப் பிரதியில் "பேரீச்சம் பாகு" என்று தெளிவாக இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் என் விரல் நின்றது. வெளிநாட்டில் யாரோ ஒருவர், பளபளக்கும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, "பாருங்கள், ஹல்வாக் கடையிலிருந்து மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று சிரிப்பதாகத் தோன்றியது. பசியைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, எல்லாருக்கும் பசித்தது. எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு அடுப்படி என்பதைச் சொல்லத்தான் வெட்கம். "மால்ட் சாறு" என்று அடித்தேன்.

அச்சான பிரதி வந்த அன்று ஸுஹாத் அதைக் கடைசிவரை படித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மால்ட் சாறு எந்தக் கடையில வாங்கினீங்க உஸ்தாத்? எனக்கும் ஒரு புட்டி வாங்கிட்டு வந்திருக்கலாமே."

அதன் பிறகு மூன்று வாரம் பேசவில்லை. நாலாவது வாரம் அவர் வெள்ளைக் கோட்டு மாட்டும் ஆணி காலியாக இருந்தது. அம்மானுக்குப் போய்விட்டார், அங்கிருந்து ஸ்வீடன். நானும் ஒரு கடிதம் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியமாகத் தேடிக்கொண்டிருந்தேன். தேடித் தேடி இருபத்தேழு வருடம் போயிற்று.

*

மூலப் பூஞ்சை என்னிடம்தான் இருந்தது. இரண்டாயிரத்து மூன்றில் கட்டடங்களைக் கொள்ளையடித்தபோது எண்ணெய்க்குள் மூழ்கவைத்த பன்னிரண்டு குழாய்களைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு வருடம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "எது பூஞ்சை, எது ஊறுகாய்னு பேர் எழுதி ஒட்டுங்க," என்று இன்திஸார் சொன்னது ஒரு தடவை அல்ல.

ஆகவே லுவை கடிதத்தோடு நின்ற அன்று நான் பெரிதாகக் கலங்கவில்லை. அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டான்.

"பாகுன்னு எழுதியிருந்தா என்ன கொறைஞ்சிருப்ப?"

"அப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு லுவை. எல்லாமே கொறைஞ்சுபோற வயசு."

"சரி, பாகைக் காய்ச்சு. வந்துடும்ல?"

"வராம எங்க போகும்?"

வரவில்லை. கடையில் வாங்கிய பாகில் வளர்த்தோம். பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்தது, வளையம் இல்லை. வீட்டோடு வந்த மாப்பிள்ளை போல நன்றாகத் தின்றது, வேலை மட்டும் செய்யவில்லை. பஸ்ரா டாக்சி ஓட்டுநர் ஒருவரிடம் சொல்லி அபு அல்-கஸீப் பாகையே வரவழைத்தேன். இல்லை. அந்தக் காலக் குக்கரை அலமாரியிலிருந்து எடுத்து அதிலேயே காய்ச்சினேன். இல்லை. லுவைக்கு வேறொரு யோசனை வந்தது.

"இப்போ நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்கு. இவனுக்கு சொகுசு கூடிப்போச்சு. கரண்டை நிறுத்திப் பாப்போம்."

மூன்று மணி நேரம் விட்டு, மூன்று மணி நேரம் நிறுத்தி, பழைய பாக்தாதைப் பூஞ்சை வளர்க்கும் பெட்டிக்குள் திரும்பக் கொண்டுவந்தோம். பூஞ்சைக்குப் பழைய ஞாபகம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஒன்றுக்கு விடை வருமுன்பே அடுத்ததைத் தொடங்கியும், தொண்ணூறில் நாற்பத்தெட்டு நாள் போய்விட்டது.

அன்று மதியம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"டோல்மா என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் இன்திஸார்.

சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கூழ் காய்ச்சினது ஸுஹாத். ஸுஹாத்கிட்ட கேளுங்க."

"எந்த முகத்தோட கேக்கறது? நம்பர்கூட எங்கிட்ட இல்ல."

"எங்கிட்ட இருக்கு."

"உங்கிட்டயா?"

"ஒவ்வொரு பெருநாளுக்கும் பேசறோமே."

"இருபத்தேழு வருஷமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே, அபு ஸினான்," என்றாள். மகன் பெயரைச் சேர்த்து அவள் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "டோல்மாவைச் சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில அங்க அவங்க வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பேசுங்க."

*

"ஸுஹாத்? நான் கஸ்வான் பேசறேன்."

மறுமுனையில் கரண்டி ஒன்று கோப்பையில் சுற்றும் சத்தம் நின்றது.

"நாப்பத்தொம்பது நாள்," என்றார் ஸுஹாத். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. அந்தக் கூர்மை அப்படியே இருந்தது. "எனக்கும்தானே கடிதம் வந்தது. நீங்க எத்தனாவது நாள் கூப்பிடறீங்கன்னு எண்ணிட்டிருந்தேன். முப்பதுக்குள்ள கூப்பிடுவீங்கன்னு நெனைச்சேன். உங்களப் பத்தி எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் நெனைச்சிருக்கேன்."

"ஸுஹாத், அந்த மால்ட் சாறு…"

"ம்."

"நான் பண்ணினது தப்பு. உங்க பேர்ல நான் பொய் எழுதினேன். வெட்கமா இருந்தது. அதுக்காக எழுதினேன். அதைவிட வெட்கமா இத்தனை வருஷம் இருந்தேன்." நான் தேடிக்கொண்டிருந்த நல்ல வாக்கியம் இதுவல்ல. ஆனால் வாயில் இதுதான் வந்தது. "பத்திரிகைக்கு நானே எழுதிடறேன். உங்களுக்கு இதுல சம்பந்தமில்லன்னு."

"நானே எழுதியிருக்க முடியும் உஸ்தாத். ஒரே வரி. 'இரண்டாவது ஆசிரியர் பொய் சொன்னார்.' மூணு தடவை எழுதினேன், மூணு தடவையும் அழிச்சேன்."

"ஏன்?"

கரண்டி மறுபடி ரெண்டு சுற்றுச் சுற்றியது.

"ஏன்னா முதல் ஆசிரியரும் யோக்கியம் இல்ல. சரி, பாகு போட்டீங்க. வேற என்ன போட்டீங்க?"

"வேற என்ன? பாகு, அகர், தண்ணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானே நாம போட்டோம்!"

"'நாம' எங்க போட்டோம்? நான்தானே போட்டேன். நீங்க கதவுல அறிவிப்பு ஒட்டிட்டிருந்தீங்க." சிரித்தார். "அந்த அறையில நான் ஒருநாளும் தேநீர் குடிச்சதில்ல."

"அப்போ அந்த வாசம்?" என்றேன்.

"தட்டுல எல்லாம் பாக்டீரியா ஏறிட்டே இருந்தது," என்றார். "தடுக்கிற மருந்து தீர்ந்துபோச்சு, அமிலமும் இல்ல. எங்கிட்ட இருந்தது நூமி பஸ்ரா. ஓட்டை போட்டுக் கூழோட கொதிக்கவிட்டேன். புளிப்பு ஏறினதும் பாக்டீரியா நின்னுடுச்சு. நீங்க உள்ள வந்து மோப்பம் பிடிச்சு, தேநீர் தேநீர்னு கத்துனீங்க. அது கூழோட வாசம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? பாகு போட்டதுக்கே உங்க முகம் போன போக்கைப் பாத்தேன். எலுமிச்சையும் போட்டிருக்கேன்னா, அடுத்தது கோழியான்னு கேட்டிருப்பீங்க. என் கையெழுத்துப் பிரதியிலயும் அதை எழுதலை. பாகு வரைக்கும்தான் எனக்கும் தைரியம் இருந்தது. அதனாலதான் அவ்வளவு கோபம் வந்தது போல. நான் பாதி மறைச்சேன். நீங்க மீதியையும் மறைச்சீங்க."

மறுமுனையில் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்போ என்ன குடிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வேற என்ன? அதேதான். இங்க ஒரு பஸ்ராக்காரர் கடையில கிடைக்குது. போங்க, போய்க் காய்ச்சுங்க. நாப்பத்தோரு நாள்தான் இருக்கு."

*

எலுமிச்சை இன்திஸாரின் அடுப்படியிலிருந்து வந்தது. "குக்கர் போச்சு, இப்போ இதுவா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கை நிறைய அள்ளித் தந்தாள். எத்தனை என்று ஸுஹாதிடம் கேட்க மறந்துவிட்டேன்; என் கணக்குக்கு லிட்டருக்கு நாலு வீதம் ஓட்டை போட்டுக் கொதிக்கவிட்டேன். நடும் அறைக்குள் அந்த வாசம் ஏறியதும் எனக்கு மறுபடி முப்பத்தைந்து வயதாகிவிட்டது. கதவில் அறிவிப்பு இன்னும் இருந்தது. வெயிலில் என் கையெழுத்து மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

ஒன்பதாம் நாள் பூஞ்சையின் அடியில் கூழ் பழுப்பாக மாறியது. பதினைந்தாம் நாள் காலை லுவையும் நானும் தட்டை ஜன்னலுக்குத் தூக்கினோம்.

கோட்டுப் பொத்தான் அளவு.

லுவை குலவையிட முயன்றான், இருமல்தான் வந்தது. நான் ஸுஹாதை வீடியோவில் அழைத்துத் தட்டைக் காட்டினேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் தொலைபேசி; அவருக்கு ஜன்னலும் என் மூக்கும்தான் தெரிந்திருக்கும்.

"தெரியலை, ஆட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இன்னும்…"

பிறகு திரையில் அவர் தலை பின்னால் சாய்ந்தது. அதே பஸ்ராக் குலவை. அவர் அறைக் கதவு திறந்து, பொன்னிறத் தலை ஒன்று பதற்றத்தோடு எட்டிப் பார்த்ததைக் கண்டேன். அந்த ஊரில் வாழ்த்துச் சொல்ல வரவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்க வந்திருந்தார்கள்.

வேதியியல் சோதனையும் கஸீபின்தான் என்றது. வெறும் எலுமிச்சை அமிலத்தைப் புட்டியிலிருந்து ஊற்றியும் பார்த்தோம். அதற்குப் பூஞ்சை அசையவில்லை. காய்ந்த எலுமிச்சையில் வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தலை போன மரத்தில் பிறந்தவனுக்குச் சொந்த ஊர் ருசி வேண்டியிருக்கிறது என்று நான் ஒரு விளக்கம் சொன்னேன். "இதைக் கட்டுரையில எழுதித் தொலைச்சிடாத," என்றான் லுவை.

திருத்தத்தை நானும் ஸுஹாதும் தொலைபேசியில் வரி வரியாக எழுதினோம். மால்ட் சாறு என்று எழுதியது உண்மையல்ல, எழுதியவர் இரண்டாவது ஆசிரியர் என்று நான் சேர்த்தேன். எலுமிச்சையைச் சொல்லாமல் விட்டது முதல் ஆசிரியர் என்று அவர் சேர்த்தார். வெப்பம்: இருபத்தேழு டிகிரி, மின்சாரம் இருந்தபோது. எழுதி முடிக்க ஆன நாலு நாளில் எங்கள் வீட்டுச் செய்தியெல்லாம் அவருக்குச் சொன்னேன்; அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது.

பத்திரிகை ஆசிரியரின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. கட்டுரை நீக்கப்படாது. ஐரோப்பியக் குழு எங்கள் புதிய செய்முறைப்படி வளர்க்கத் தொடங்கிவிட்டது; அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். லிட்டருக்கு எத்தனை எலுமிச்சை?

அதைக் கேட்க ஸுஹாதை அழைத்தேன்.

"மூணு," என்றார்.

"நாலு. நான் நாலுதான் போட்டேன். வந்ததே."

"நீங்க போட்டது இப்போ. கட்டுரை அப்போ. அப்போ நான் போட்டது மூணு."

"நம்ம பழைய எலுமிச்சை பெரிசா இருந்திருக்கும். இப்போ வர்றது சின்னது."

"எலுமிச்சையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இருபத்தேழு வருஷம் அதைத் தேநீர்னு நெனைச்ச மனுஷன்!"

மூன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை. நான் கூப்பிட்ட நாளைக்கூட எண்ணி வைத்திருந்தவர். மூன்று என்று ஒத்துக்கொண்டால் திருத்தம் முடிந்துவிடும். முடிந்தபின் எதைச் சாக்கிட்டு அழைப்பது?

"நாலுதான்," என்றேன். "நாளைக்கு மறுபடி பேசுவோம்."

"பேசுவோம்," என்றார் ஸுஹாத். "ஆனா மூணுதான்."